பட்டனை நீட்டலாம், ஆனா சஃபாரியில்?

ஒரு ஃபார்மில் "பதிவை நீக்கு" என்று ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினால் "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு நீக்கணும். நம்மில் பலர் உடனே ஒரு டிவ் எடுத்து, சிஎஸ்எஸ் போட்டு பட்டன் மாதிரி ஆக்கிடுவோம். பார்க்க பட்டன்தான். ஆனா டேப் அடிச்சா ஃபோகஸ் வராது, என்டர் வேலை செய்யாது, ஃபார்ம் சப்மிட் ஆகாது. ஸ்கிரீன் ரீடர் அதை பட்டன் என்றே சொல்லாது. எச்டிஎம்எல்எலிமென்ட் கிளாஸிலிருந்து புது டேக் உருவாக்கினாலும் இதே கதைதான்.

நிஜ பட்டனில் இதெல்லாம் இலவசம். அதனால் எச்டிஎம்எல்பட்டன்எலிமென்ட் கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணுங்க. கனெக்டட்கால்பேக் மெத்தடில் ஒரு கிளிக் லிசனர். பயனர் 'வேண்டாம்' என்றால் பிரிவென்ட்டிஃபால்ட். பிறகு கஸ்டம்எலிமென்ட்ஸின் டிஃபைன் மெத்தடுக்கு மூன்று ஆர்க்யுமென்ட்: பெயர் (ஹைஃபன் கட்டாயம்), கிளாஸ், எக்ஸ்டெண்ட்ஸ் என்ற கீயில் 'பட்டன்' என்று சொல்லும் ஆப்ஜெக்ட். மூன்றாவதை மறந்தால் எரர்கூட வராது, சாதா பட்டனாவே உட்கார்ந்திருக்கும். தேடித் தேடி ராத்திரி போயிடும்! எச்டிஎம்எல்லில் பழைய பட்டன் டேக்தான், இஸ் அட்ரிபியூட்டில் நம் பெயர். செட்அட்ரிபியூட் வைத்து அப்புறமா இஸ் சேர்த்தால் பலிக்காது. எலிமென்ட் உருவாகும்போதே இருக்கணும்.

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 2018-லேயே இந்த வசதி வந்தாச்சு. சஃபாரியின் வெப்கிட் குழு மட்டும் மாட்டோம் என்றது. அவர்கள் சொன்ன காரணம், நாம ஊப்ஸ் பேப்பரில் படிச்ச லிஸ்கோவ் விதி: சப்கிளாஸை பேரன்ட் இருந்த இடத்தில் வைத்தாலும் எதுவும் உடையக்கூடாது. நம் கிளாஸ்கள் அதைக் காப்பாற்றும் என்று உறுதி இல்லை. வாதம் நியாயம்தான். ஆனா அதற்கு மாற்றாக டிவ் பட்டன்கள் பெருகுவதைப் பார்த்தால் எனக்கு இந்தப் பிடிவாதம் ரசிக்கவில்லை.

இப்போ நம் பட்டனுக்கு வருவோம். சஃபாரியில் பக்கம் உடையாது. இஸ் அட்ரிபியூட்டை கண்டுக்காம சாதா பட்டனாகக் காட்டும். அதாவது கேட்காமலே பதிவை நீக்கிடும்! நம்ம ஊர் ஐபோனில் குரோம் ஐகானைத் தட்டினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான்.

அதனால், இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்கிற அலங்காரத்துக்கு மட்டும் இஸ் போதும். லோடிங் சுழல், கிளிக் அனிமேஷன் மாதிரி. நீக்கும் வேலைக்கு நம் சொந்த டேக்கை வெளியே வைத்து, உள்ளே நிஜ பட்டனை வையுங்க. கிளிக் பபிள் ஆகி வெளி எலிமென்ட்டுக்கு வரும். அங்கேயே கேட்டு, தேவையானால் பிரிவென்ட்டிஃபால்ட் பண்ணிடலாம். சஃபாரியிலும் ஓடும். ஸ்கிரிப்ட்டே லோட் ஆகலேன்னா இதுவும் கேட்காது. அதுக்கு சர்வர் பக்கம் ஒரு உறுதிப் பக்கம் தனியா வேணும்.