நின்ற கப்பலும் நில்லா மனையும்

கல்வி வளர்க்கும் நிலையங்களுக்குக் கடமைகள் இரண்டு. பழமையைப் பேணுதல் ஒன்று. புதுமைக்கு இடமளித்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே மண்ணில் எதிர்ப்படுமாயின் எதனைக் கொள்வது, எதனை விடுப்பது? அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த செய்தி ஒன்று இவ்வினாவை நன்கு விளக்கும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1636-ஆம் ஆண்டில் தோன்றியது ஹார்வர்டுக் கல்லூரி. அதன் அருகே, இரு சரிவாக மடிந்த கூரையையுடைய மரவீடு ஒன்று இருந்தது. 1775-ஆம் ஆண்டில் குடியேற்ற நாட்டு மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் படை திரட்டியபோது, படைத்தலைவர் வார்டு என்பார் அவ்வீட்டையே தம் பாசறையாகக் கொண்டார். அவ்வாண்டு சூன் 16-ஆம் நாள் மாலை, ஏறத்தாழ 1200 வீரர் அதன் அருகே கூடினர் என்றும், கல்லூரித் தலைவர் லாங்டன் இறைவனை வேண்டி அவர்களுக்கு விடைகொடுத்தார் என்றும் கூறுவர். மறுநாள் பங்கர் குன்றுப் போர் நடைபெற்றது. அவ்வீட்டுத் தளத்தில் காணப்பட்ட பள்ளங்கள், வீரர்தம் துப்பாக்கிக் கட்டைகள் ஊன்றிய வடுக்களே என்று பிற்காலத்தார் காட்டி மகிழ்ந்தனர்.

அவ்வீட்டில் 1809-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவர் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கியவர். அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருந்தபோது, ‘கான்ஸ்டிடியூஷன்’ என்னும் பழைய போர்க்கப்பலை உடைத்துவிடப் போவதாகச் செய்தித்தாளில் ஒரு செய்தி வெளியாயிற்று. அதனைப் படித்து உள்ளங் கொதித்த ஹோம்ஸ், 1830-ஆம் ஆண்டில் கவிதை ஒன்று இயற்றி வெளியிட்டார். மக்கள் கிளர்ந்தெழுந்தனர், கப்பல் பிழைத்தது. இன்றும் அது பாஸ்டன் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கின்றது.

கப்பலைக் காத்த கவிஞரின் பிறந்த மனை என்னாயிற்று? ஹோம்ஸ் 1847 முதல் 1882 வரை ஹார்வர்டில் உடற்கூற்றியல் பேராசிரியராய்ப் பணியாற்றினார். அக்காலத்தில் பல்கலைக்கழகம் விரைந்து வளர்ந்தது. வளர வளர நிலம் வேண்டியதாயிற்று. 1871-ஆம் ஆண்டளவில் அம்மனை ஹோம்ஸ் குடும்பத்தாரிடமிருந்து பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறியது. பின்னர், சட்டக் கல்விக்கென ஆஸ்டின் மண்டபம் என்னும் அழகிய கற்கட்டடம் அதன் பின்புறத்தே எழுந்தது. புதிய மண்டபத்தின் தோற்றத்தைப் பழைய வீடு மறைத்தது. 1884-ஆம் ஆண்டில் வீடு இடிக்கப்பட்டது.

ஹோம்ஸ் இதனை எவ்வாறு ஏற்றார்? இடித்தது தகும் என்று அவர் நடுநிலையோடு ஒப்புக்கொண்டார்; எனினும், பழமையின் நினைவைப் போற்றுவார் அனைவரும் வருந்தத்தக்க இழப்பே அஃது என்றும் எழுதினார். தாய் போன்ற கல்விக்கழகம் வளர்வதையும் அவர் விரும்பினார். தாம் பிறந்த வீட்டையும் மறந்தாரில்லர்.

இனி மற்றொரு வீட்டையும் நோக்குதல் வேண்டும். கல்லூரித் தலைவர் உறைவதற்கென 1726-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வாட்ஸ்வொர்த் இல்லம் ஹார்வர்டு வளாகத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கின்றது. 1775-ஆம் ஆண்டில் படைத்தலைவர் வாஷிங்டன் சில நாள் தங்கிய இடம் அது. தலைவர்கள் அதில் வாழ்வது ஒழிந்த பின்னரும், அலுவலகமாகப் பயன்பட்டு வருவதால் அது நிலைபெற்றது.

இவ்விரு வீடுகளுக்கும் ஊழ் வேறாயினமைக்குக் காரணம் யாது? பெருமையில் ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்ததன்று. ஒன்றற்குப் புதிய பயன் கிடைத்தது. மற்றொன்று பார்வைக்குத் தடையென மட்டும் எண்ணப்பட்டது. மரவீட்டை அடியோடு பெயர்த்து, உருளைகளின்மேல் ஏற்றி வேறிடத்தே வைக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. எனவே, இடித்தல், விடுத்தல் என்னும் இரண்டேயன்றி மூன்றாவது வழியும் இருந்தது.

நிலத்தைத் திட்டமிடுவோர் வரைபடம் தீட்டுமுன், அந்நிலத்தில் முன்னரே நிற்பன யாவை, அவற்றின் வரலாறு யாது, அவை இனி எதற்குப் பயன்படும் என ஆராய்தல் வேண்டும். புதிய மண்டபத்தை இன்னும் பலமுறை கட்டலாம். வீரர் கால்பட்ட பழைய தளத்தை மீண்டும் ஒருமுறை அமைக்க எவராலும் இயலாது.