குடகுத் துப்பாக்கி வழக்கு: ஒரு பாடம்

ஹெப்பாளில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் குடகு நாட்டுக் கொடவர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது பண்டிகைக்குத் தவறாமல் ஊருக்குப் போய்விடுவார். அன்று துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை செய்வார்கள். உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறிபார்த்துச் சுடும் போட்டியும் உண்டு. அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டும் 'தோக் பூ' வேறொன்றுமல்ல, நம் செங்காந்தள்தான்!

2021 செப்டம்பர் 22 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் குடகுத் துப்பாக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. மறுநாள் சுபேதார் மைசூர்பாகுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது என் மைத்துனரும் வந்திருந்தார். சித்தாபுரம் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்ப்பவர். அவரும் மைசூர்பாகு எடுத்துக்கொண்டார். ஆனால் முகம் மலரவில்லை. அந்த இரண்டு முகங்களையும் பார்த்த பிறகுதான் வழக்கு என்னவென்று படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. 41ஆம் பிரிவு, பொதுநலன் கருதி யாருக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தின்படி 2019 அக்டோபர் 29 அன்று ஓர் அறிவிக்கை வந்தது. விலக்குப் பெற்றவர்கள் இரு சாரார்: குடகு இனத்தவர், குடகில் ஜம்மா நிலம் உடையவர். ஜம்மா என்பது அரசர் காலத்தில் படைச்சேவைக்காகப் பரம்பரையாகத் தரப்பட்ட நிலம். கொடவர் அல்லாதாரிலும் ஜம்மாக்காரர் உண்டு.

இனத்தையும் நிலத்தையும் வைத்துச் சலுகை தருவது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு விரோதம் என்று ஓய்வுபெற்ற இராணுவக் கேப்டன் ஒருவர் வழக்குத் தொடுத்தார். தற்காலிகத் தலைமை நீதிபதி சதீஷ் சந்திர சர்மா, நீதிபதி சச்சின் சங்கர் மகதும் ஆகியோர் அதை ஏற்கவில்லை. கொடவர் போர்மரபினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்த விலக்கை அனுபவித்து வருபவர்கள், விலக்கும் நிரந்தரமானதல்ல, பத்தாண்டுக்குத்தான், அதுவும் நிபந்தனைகளோடு என்று காரணம் கூறினார்கள்.

அந்த 'முன்பிருந்தே' எங்கே தொடங்குகிறது? 1857 எழுச்சிக்குப் பிறகு, ஆயுதங்களைப் பறிக்க ஆங்கிலேயர் 1860இல் சட்டம் கொண்டுவந்தார்கள். மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்த மார்க் கப்பன் 1861இல் அதிலிருந்து குடகரை விலக்கினார். பெங்களூர்ப் பூங்காவுக்குப் பெயர் தந்த அதே கப்பன்தான். காரணம், குடகரின் வீரமும், அதைவிட முக்கியமாக, அவர்களுடைய விசுவாசமும்.

இதைப் படித்தபோது என் மனம் தெற்கே போயிற்று. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் வீரத்தில் குறைந்தவையா? அந்தப் பாளையங்கள் எதிர்த்து நின்றன. 1801இல் போர் முடிந்ததும் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆக, 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' என்று நீதிமன்றத்தில் காட்ட நம் பாளையக்காரர் வாரிசுகளிடம் எதுவும் மிஞ்சவில்லை. அன்றைய ஆட்சி யாரை நம்பியதோ அவர்களுடைய வழக்கம்தான் உயிரோடு இருக்கிறது. 1878 ஆயுதச் சட்டத்தை எதிர்த்து 1887ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரசில் விபின் சந்திர பால் பேசியதும் இந்த அவநம்பிக்கையைப் பற்றித்தான்.

இதைச் சுபேதாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சார், எங்க வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி. மலைக்கு மலை வீடு. சத்தம் கேட்டுத்தான் ஜனங்க வருவாங்க. கப்பன் கொடுத்தாரோ யார் கொடுத்தாரோ, எங்களுக்கு அது பழக்கம்" என்றார். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மைத்துனரின் நியாயம் வேறு. அவர் தகப்பனார் தர்மபுரியிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். இவர் தோட்டத்து லைன் வீட்டிலேயே பிறந்தவர். விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு இறக்குமுன் பாதையில் யானை நிற்கிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பது அவர்தான். யானையைச் சுடக்கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். "துப்பாக்கி வேணும்னு கேக்கலை மாமா. பிறந்ததும் அங்கேதான், பிழைக்கறதும் அங்கேதான். ஆனா சட்டத்துல எங்களுக்கு ஒரு பேர் இல்லை பாருங்க" என்றார்.

பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் எல்லாருக்கும் இடமுண்டு என்று அவருக்கு எடுத்துக் காட்டினேன். "பயிர் முதலாளியோடதாச்சே" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

சரியாக ஒன்பது மாதம் கழித்து, 2022 ஜூன் 23 அன்று, அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வெளியில் தெரியாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுமானால் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுக்கு மேற்பட்ட சட்டத்தை, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். அவர்களும் சரித்திரத்தைத்தான் ஆதாரம் காட்டினார்கள். அங்கே அது மக்கள் உரிமை. நம் நாட்டில் அப்படி ஓர் அடிப்படை உரிமை இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் நம் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நியூஜெர்சியிலிருந்து தினமும் ரயிலில் நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் என் மகள் அன்றிரவு தொலைபேசியில், "பக்கத்துல உக்காந்திருக்கறவன் கோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்பா?" என்றாள். நியூயார்க் அரசு அடுத்த வாரமே இன்னொரு சட்டம் போட்டு, பள்ளி, கோயில், சுரங்க ரயில் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கி கொண்டுபோகத் தடை விதித்தது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

எனக்குக் கேட்டால், கொடவரிடமிருந்து எதையும் பறிக்க வேண்டாம். ஆனால் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, காட்டோரத்தில் வாழ்ந்து உழைக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியை எழுதலாம். இப்போதைய விலக்கு 2029 அக்டோபர் 31 வரை. அதற்குள் ஒரு மனு எழுதித் தரும்படி மைத்துனர் கேட்டிருக்கிறார். கன்னடத்தில் எழுத எனக்குச் சரியாக வராது. சுபேதார்தான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.