பச்சிளங் குழந்தையின் முரசில் கட்டி

பிறந்த குழந்தையின் வாயில் ஏதேனும் புடைப்புத் தெரிந்தால் வீட்டார் கலங்குவது இயல்பு. புற்றுநோயோ என்று அஞ்சுவோரும் உண்டு. பெரும்பாலும் அப்படியல்ல. ஆனால் இன்னதென்று அறியாமல் கைவைப்பது ஆபத்து.

அண்ணத்தின் நடுவிலும் முரசிலும் அரிசிக் குறுநொய் போல வெண்மணிகள் தெரியலாம். பாதிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு இவை உண்டு. சில வாரங்களில் தாமாகவே மறைந்துவிடும், மருந்து வேண்டாம். பல் முளைக்கிறது என்றெண்ணி நகத்தாலோ துணியாலோ தேய்ப்பவர்கள் புண்ணைத்தான் உண்டாக்குகிறார்கள்.

அரிதாக, முரசிலிருந்து வழவழப்பான இளஞ்சிவப்புச் சதைக்கட்டி ஒன்று, பலவேளைகளில் காம்புடன், பிறக்கும்போதே தொங்கும். 1871இல் நியூமன் என்ற ஜேர்மன் வைத்தியர் விவரித்த 'பிறவி எப்பூலிஸ்' இதுவே. (பெயரைப் பாடமாக்க வேண்டியதில்லை.) மேல் முரசின் முன்பக்கத்திலேயே அதிகம் வரும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளில் 8 முதல் 10 மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. அளவு சில மில்லிமீற்றரிலிருந்து பல சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். பிறந்தபின் இது பொதுவாக வளர்வதில்லை. பிற இடங்களுக்குப் பரவுவதுமில்லை.

அப்படியானால் அவசரம் எதற்கு? பால் குடிக்கவும் மூச்சுவிடவும் இடமில்லாமற் போவதற்காகத்தான். குழந்தை முலையைப் பற்ற முடியாவிட்டால் பாலைப் பிழிந்தெடுத்துச் சுத்தமான கோப்பையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டி, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ பால் புகட்டவேண்டாம். ஒரு நிமிடமும் தாமதிக்கவும் வேண்டாம்.

காம்பில் நூல் கட்டி அறுக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அறுந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பிறந்த குழந்தைக்கு விற்றமின் கே குறைவாதலால் இரத்தம் நிற்காமலும் ஓடலாம். பிறந்தவுடன் அந்த ஊசி போடப்பட்டதா என்று மருத்துவமாதுவிடம் கேட்டறிந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். மேலும், எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. கருநீலமாக, நாளுக்கு நாள் பெருக்கும் கட்டி வேறு வகை. அது தாடை எலும்பையும் அரிக்கக்கூடியது. இரத்தக்குழாய்க் கட்டியை வெட்டினால் விளைவு விபரீதமாகும்.

எப்பூலிஸ் சிறிதாயிருந்து பால்குடியும் தடைப்படாவிட்டால் வைத்தியர் பார்த்திருக்கச் சொல்லலாம். சில தாமாகவே சுருங்கியதுண்டு. பெரிதாயின் சிறு சத்திரசிகிச்சையே போதும். வெட்டியெடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். எப்பூலிஸ்தான் என உறுதியானால் அது மீண்டும் வருவதில்லை. குழந்தை விரைவிலேயே தாய்ப்பால் குடிக்கும். பாற்பற்களும் பொதுவாக உரிய காலத்தில் முளைக்கும்.