தோலில் விலங்குருவம் செதுக்குதல்

பால்மரத்தில் கத்தி ஓட்டிப் பழகிய கை ஆழத்தின் அளவை அறியும். பட்டையைக் கடந்து கட்டையில் பட்டால் மரம் புண்ணாகும். தோலும் அத்தகையதே, கனத்தில் பாதிக்குமேல் வெட்டினால் மீண்டும் ஒட்டவைக்க இயலாது.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே இவ்வேலைக்கு ஏற்றது. குரோமியத்தில் பதனிட்ட தோலில் அச்சு நிலைப்பதில்லை. தோலை ஈரப்பஞ்சால் நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் படத்தைப் பதித்து, சுழல்கத்தியால் கோடுகளை வெட்டுக. சுட்டுவிரல் கத்தியின் தலையில் அமர, கட்டைவிரல் தண்டைத் திருப்பும்.

அடுத்து, கோட்டின் வெளிப்புறத்தைக் கருவியால் சரிவாகத் தட்டி அமிழ்த்த வேண்டும். பார்ப்பவருக்கு அருகிலுள்ள கால் முதலில். அப்பாலுள்ள கால் பின்னரே. முறை மாறினால் யானையின் நான்கு கால்களும் ஒரே வரிசையில் நிற்கும்!

அமெரிக்கரான ஆல் ஸ்டோல்மன், 1952இல் வெளிவந்த தம் நூல் முதலாக, படிப்படியாகப் படம் வரைந்தே இக்கலையைக் கற்பித்தார். சிறுவருக்குக் கற்பிப்போரும் அவ்வாறே செய்யலாம். முதல்நாளே புலி வேண்டா. உரோமம் படியும் திசையறிந்து கீறுவது கடினம். கழிவுத் தோலில் வளைகோடுகள், பின்னர் ஆமை, அதன்பின் யானை. கத்தியைப் பெரியவரே தீட்டித் தருக. மழுங்கிய கத்தி தோலை இழுத்துக் கிழிக்கும்.