214 கோடியில் ஓர் எல்லை

கம்ப்யூட்டர் கூட்டலில் தவறு செய்யுமா? நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூவேர்ட் என்ற பட்டனை ஒருமுறை கிளிக் செய்தால் டிவேர்ட் என்று மாறும். இனி கணக்கு 32 பிட்டுக்குள்தான் நடக்கும். இப்போது 2147483647 என டைப் செய்து 1ஐக் கூட்டுங்கள். விடை -2147483648!

ஏன் இப்படி? பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் இருக்கக்கூடிய ஓர் இடம். 32 பிட்டில் முதல் பிட், எண் மைனஸா என்று காட்டும். மீதி 31 பிட்டுகளிலும் 1 நிரம்பினால் கிடைப்பதே 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது, 31 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்த எண். அதற்கு மேல் 1 கூட்டினால் மிச்சம் முதல் பிட்டுக்குப் போய்விடும். எண் மைனஸ் ஆகிவிடும். ஸ்கூட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு 00000 ஆவதைப் போன்றதுதான் இது.

இந்த எண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இது ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. இதை 1772இல் நிரூபித்தவர் ஆய்லர். 46,340 வரை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க அவருக்குத் தேவைப்படவில்லை. இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும் என்று அவர் கண்டார். இதனால் சோதிக்க வேண்டியவை 400க்கும் குறைவாகிவிட்டன! ஆனால் 64 பிட்டின் எல்லையான 9223372036854775807 பகா எண் அல்ல. அது 7ஆல் வகுபடும்.

சரி, இதனால் நமக்கு என்ன? பல கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணித்தான் தேதியைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு அது நிரம்பிவிடும். அடுத்த விநாடி தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்!

பயப்பட வேண்டாம். 64 பிட்டில் நேரத்தை எண்ணும் மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 64 பிட் புராசஸர் இருந்தால் மட்டும் போதாது. மென்பொருளும் மாறியிருக்க வேண்டும். எனவே பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய ரூட்டர், கண்காணிப்பு கேமரா ரெக்கார்டர் போன்றவற்றை வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். சோதிப்பதற்காக உங்கள் கம்ப்யூட்டரின் தேதியை 2038க்கு மாற்றிவிடாதீர்கள். இணையத் தளங்கள் திறக்காமல் போகலாம். காலக்கெடு உள்ள மென்பொருட்களும் நின்றுவிடலாம். சோதனைக்குக் கால்குலேட்டரே போதும்!