ஆலய நிர்மாணமும் நம் நாட்டு மண்ணும்

ஸ்ரீ:

எம்பெருமான் எழுந்தருளும் திருக்கோயில்களுக்கு ஆகம விதி பொதுவானது. உருவமோ ஊருக்கு ஊர் வேறுபடுவது. விதியை நூல் சொல்லும். அதற்கு உடல் கொடுப்பவை மண், கிடைக்கும் திரவியம், காலநிலை, வழக்கம் என்னும் நான்கு. பெரம்பலூர், அரியலூர் பகுதிகளைக் கொண்டே இதனை அறியலாம்.

முதலாவது மண். ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு, மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்யமம், குறைந்தால் அதமம் என்பது சிற்ப நூல்கள் கூறும் பூமி பரீக்ஷை. இங்குள்ள கரிசல் மண் மழையில் வீங்கிக் கோடையில் வெடிப்பது. அதனைச் சோதியாது எழுப்பிய சுவர் பிளவுபடும்.

இரண்டாவது திரவியம். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றிலும் கருங்கல் இல்லை. ஆயினும் முதலாம் இராஜேந்திரன் தொலைவிலிருந்து கல் கொணர்ந்து சிவாலயம் எடுப்பித்தான். தான் வாழும் மாளிகையைச் செங்கல்லால் அமைத்துக்கொண்டான். ஆலயம் இன்றும் ஓங்கி நிற்கிறது. மாளிகைமேட்டிலோ, 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும் இரும்பாணிகளும் வெளிப்பட்டன. நிலையான கல் தெய்வத்திற்கு, அழியும் செங்கல் மனிதருக்கு என்ற நம் முன்னோர் வழக்கம் இதனால் விளங்கும்.

மூன்றாவது காலநிலை. கனத்த சுவரும் ஒற்றை வாயிலும் கருவறைக்குள் வெப்பம் ஏறாது காக்கும். திறந்த மண்டபம் காற்றையும் நிழலையும் தரும். கூரைவேய்ந்த வீட்டின் இறவாரத்தை ஒத்த கொடுங்கை, ஐப்பசி கார்த்திகை மழையைச் சுவரில் படாது தள்ளும்.

நான்காவது வழக்கம். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் கற்கம்பமே மூலவர். குடியானவர்கள் தானியத்தையும் கால்நடைகளையும் காணிக்கையாகச் செலுத்துவர். அத்தகைய கோயிலுக்கு விசாலமான வெளியும் தானியம் வைக்கும் இடமும் அலங்காரமல்ல, அவசியம்.

இந்நான்கையும் மறந்து ஜீர்ணோத்தாரணம் செய்தல் கூடாது. மேல்தளத்துச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்புக் காரையையும் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு பூசுவது இப்போது எளிதாயிருக்கிறது. காளவாயில் வெந்த சுண்ணாம்பும், ஆலையில் அரைத்த சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே பிறப்பவை, குணம் வேறு. சுண்ணாம்பு ஈரத்தை வெளிவிடும். சிமெண்டு உள்ளே அடைக்கும். அடைபட்ட ஈரம் உப்புப் பூத்துச் செங்கல்லை உதிர்க்கும். பூச்சு உறுதியாயிருக்க, உள்ளே விமானம் நலியும்.

ஆதலின் திருப்பணி செய்யும் அன்பர்கள், கோயில் எதனால் கட்டப்பட்டதோ அதனாலேயே அதனைச் செப்பனிட வேண்டும். ஸ்தபதியையும் ஆகமம் அறிந்தோரையும் கேட்ட பின்னரே உளியை எடுக்க வேண்டும். புதிதாக ஒன்று கட்டும் புண்ணியத்தினும், பழையதைப் பழையதாகவே காக்கும் புண்ணியம் பெரிதென்று பெரியோர் கூறுவர்.

சுபம்.