குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவருக்குச் சிகிச்சை: யாரிடம் போவது?



சந்தைக்கோ கல்யாணத்துக்கோ மோட்டார் சைக்கிளில் போன கணவர் திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. “ஏங்க, இன்னிக்கு வண்டியை வச்சிட்டுப் போங்க” என்று மனைவி சொன்னால், “ரெண்டு கிளாஸ் போட்டா எனக்கு ஒண்ணும் ஆவாது” என்பார். ஆகும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அபராதம் கட்டியதால் குடி நின்றுவிடாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப் பிடிபட்டவரை அரசு அங்கீகாரம் பெற்ற ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் சரியான ஆளைத் தேடும் பாரம் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் இந்த ஏடு.

யார் தகுதி உள்ளவர்?

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதில் உயிர் போவதும் உண்டு. ஆகவே முதல் கட்டம் டாக்டருடைய வேலை. எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்த மனநல மருத்துவரே இதற்கு ஏற்றவர்.

அடுத்தது பேசிப் புரியவைக்கும் வேலை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்ற மனநல சமூகப் பணியாளரும் இந்த வேலைக்கு உதவுவார். குடியை விட்டவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு எடுபடும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனாலும் அவர் மாத்திரை எழுதக் கூடாது.

“மறுவாழ்வு இல்லம்” என்று பலகை மாட்டியிருந்தால்?

குடியால் வரும் மனக்கோளாறும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் தினமும் வருவாரா, இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் அறவே தடை செய்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் தப்ப வழியில்லாமல் இறந்ததை நாம் மறக்கவில்லை. நாலு பேர் வேனில் வந்து அலறஅலறத் தூக்கிப்போவதும் சிகிச்சை இல்லை. சம்மதம் இல்லாதவரைச் சேர்க்கச் சட்டத்தில் தனி முறை இருக்கிறது. மனநல மருத்துவர் முதலியோர் பரிசோதித்த பிறகே அது நடக்கும்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. “அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கிவிடும், சாவும் நேரலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் சொல்வார். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம். வலிப்பு வந்தால் யாரிடமும் யோசனை கேட்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இருவரும் சேர்ந்தே போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போகும் அன்று பஸ்ஸிலேயே போங்கள்.